கருப்பு ஒயர்

"விடுடி, கருப்ப நான் போடறேன். உன் கைக்கு அது—"

"என் கைக்கு இன்னா வந்துச்சி? நீ மஞ்சளப் போடு, செவப்பப் போடு, கருப்பு என்—"

"போடு, போடு. ஊர் எல்ல தாண்டறதுக்குள்ள அவுந்துக்கினு தொங்கட்டும். அப்பத் தெரியும்."

"நான் போட்ட புணைப்பு எந்தப் பாவுலக்கா அவுந்துச்சி? ஒண்ணு சொல்லு பாக்கலாம்."

"தைப்பூசத்துக்கு முன்ன போட்டமே, மாம்பழக் கலர் பாவு."

"அது உன் பக்கத்து இழை. பீச்சாங்கை முறுக்கு. உன் வூட்டுக்காரரு பாக்கட்டும்னு எடுத்து மாடத்துல வெச்சேனா இல்லியா?"

"வெப்ப. அதுக்குன்னுதான வாக்கப்பட்டு வந்த இந்த வூட்டுக்கு."

பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில், மஞ்சள் கூரை போட்ட கருப்பு அம்பாசடர் டாக்சிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். காருக்கும் அதில் கோத்திருந்த இரண்டு சக்கர டிரெய்லருக்கும் நடுவே இருந்தது கொஞ்சம் இடம்தான். அந்த இடத்துக்குள்தான் இவ்வளவு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. மூத்தவள் தையல்நாயகி. இளையவள் நீலாம்பாள், தையல்நாயகியின் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஓரகத்திகள் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று தெருவே சொல்லும். அந்த இரண்டு பேரும் சண்டை போடாத நாள் உண்டென்றால், ஒருத்திக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

காருக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரத்தின் கால்கள். டாக்சி அவனுடையது, நீலாம்பாளும் அவனுடையவள். டிரெய்லரின் இழுவைக் கம்பியைக் காரின் அடிச்சட்டத்தில் போல்ட்டு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணி," என்றன கால்கள். "ரெண்டு பேரும் கருப்புக்கே நிக்கிறீங்களே. கருப்புதான் பாடி ஒயர். மஞ்சள் போனா டெயில் லைட்டு போவும், செவப்பு போனா பிரேக் லைட்டு போவும். கருப்பு போனா எல்லாமே போவும். யாராச்சும் ஒருத்தர் போடுங்க. நல்லாப் போடுங்க."

"இம்மாம் பெரிய இரும்புக் கம்பி இருக்குதே, அதுல வராதாப்பா கரண்ட்டு?" என்றாள் தையல்நாயகி.

"கம்பி பூராத் துரு அண்ணி. அத நம்ப முடியாது."

"கேட்டியா?" என்றாள் நீலாம்பாள். "நம்ப முடிஞ்ச ஆளு போடணுமாம்." கருப்பு ஒயரின் இரண்டு முனைகளையும் அவள் அதற்குள் கைப்பற்றிவிட்டாள்.

டிரெய்லர் ஒரு ரைஸ் மில்லுக்குச் சொந்தமானது. காலையிலேயே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாலைக் காப்பி வேளைக்குத்தான் விட்டார்கள். வந்த பிறகு பார்த்தால், விளக்குக்குப் போகும் ஒயரையெல்லாம் மில்லு எலிகள் கடித்துத் துண்டு துண்டாக்கி வைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை, ராஜவீதியில் ஒரு கடை திறந்திருக்காது. கலியாணசுந்தரம் டிக்கியிலிருந்த பழைய துண்டுகளையெல்லாம் பொறுக்கிப் பார்த்தான். சேர்த்தால் நீளம் வரும், ஆனால் ஒட்டு நிறைய.

"எத்தினி முடிச்சி போடணுங்க?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

"முடிச்சி இல்ல. முறுக்கணும். உங்க பாவு மாதிரிதான்."

அவன் இதைச் சொன்ன பிறகுதான் இருவரும் காருக்குப் பின்னால் குந்தியது. பட்டுத்தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று முடிந்தால், பழைய இழை ஒவ்வொன்றின் முனையோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், தலைமுடியைவிடச் சன்னம். அதற்குப் பெயர் புணைப்பு. அந்த வீட்டுத் தறிகளுக்குப் புணைப்பு போடுவது இந்த இருவர்தான். ஆளுக்கு ஒரு ஓரத்தில் தொடங்குவார்கள். நடுவில் வந்து சேர்வார்கள். யார் நடுவுக்கு முதலில் வந்தது என்பதில் அடுத்த பாவு வரைக்கும் சண்டை ஓடும்.

வாசற்படியில் நின்று தையல்நாயகியின் கணவர் கைலாசம் பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர். பேச்சு அவருக்குச் செலவு.

"பொழுது சாயுது," என்றார். "நாளைக்கி ஆடி பொறக்குது. ஆடில வூடு மாத்தற வழக்கம் நம்மகிட்ட இல்ல. இன்னிக்கிக் கெளம்பலன்னா ஆவணிதான்."

"ஆவணி வரைக்கும் அந்த வூட்டுக்காரரு தாங்க மாட்டாருண்ணா," என்றன கால்கள். "இன்னிக்கி சாவி வாங்கலன்னா வேற ஆளு காத்துக்கினு இருக்குதாம்."

"அப்ப ஜல்தியா ஆவட்டும். லைட்டு இல்லாம மட்டும் போவக்கூடாது. போன மாசம் பாலாறு ரோட்டுல இன்னா ஆச்சி? டிரெய்லர் பின்னால லைட்டு இல்ல, லாரிக்காரனுக்குத் தெரியல. நம்ம வூட்டுப் பொண்ணு உக்காந்துக்கினு போற வண்டி. ரெண்டு செவப்பும் எரிஞ்சாத்தான் வண்டி நவுரும்."

இதுதான் அவர் அந்த மாதத்தில் பேசிய மிக நீளமான பேச்சு.

டிரெய்லரில் தம்பியின் பங்குத் தறி ஏற்றியாகிவிட்டது. சட்டங்கள், இழை கோக்கும் விழுது, அச்சு, பழைய வேட்டியில் குழந்தையைப் போலச் சுற்றிய புதுப் பாவு, அதன்மேல் ஒரு பெட்டி, இரண்டு குடம், அம்மி. கலியாணசுந்தரத்துக்கு வாலாஜாபாத் ரயில் நிலையத்துக்கு எதிரில் டாக்சி ஸ்டாண்டில் இடம் கிடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து அவன் காரிலேயே படுத்துத் தூங்குகிறவன். பெண்டாட்டி முகத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறவன். நீலாம்பாள் போக நினைப்பதில் ஒரு தப்பும் கிடையாது. தையல்நாயகிக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கொழுந்தன் வீடு பார்த்துவிட்டு வந்து சொன்ன அன்று, "நல்லதாப் போச்சி, எனக்கும் அடுப்படியில கைய நீட்ட எடம் கெடைக்கும்," என்றாள். அதற்கு நீலாம்பாள், "நீட்டு நீட்டு, செவுத்துல இடிக்கப் போவுது," என்றாள். பேச்சு அதோடு நின்றது. உள்ளே இருந்த பேச்சு அப்படியே உள்ளே நின்றுவிட்டது.

"முடிஞ்சிதா?" கலியாணசுந்தரம் வெளியே வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தான். "லைட்டு போடறேன். பாருங்க. எரியுதா?"

"எரியல."

"இப்ப?"

"ஒண்ணு லேசா, மின்மினி மாதிரி," என்றாள் தையல்நாயகி.

"பிரேக்கு மிதிக்கிறேன். இப்ப?"

"மின்மினியும் செத்துப் போச்சி."

அவன் இறங்கி வந்தான். குனிந்து ஒரு ஒட்டைப் பிரித்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து இரண்டு பெண்களின் விரல்களையும் பார்த்தான். அப்புறம் அவர்கள் நடுவில் இருந்த தேங்காய்ச் சிரட்டையைப் பார்த்தான்.

"அண்ணி, சிரட்டையில இன்னா?"

"சாம்பல்."

"சாம்பல் எதுக்கு?"

"இன்னா கேக்கற நீ? சாம்பல் தொடாம எப்பிடிப்பா புணைக்கிறது? இழை வழுக்காதா?"

கலியாணசுந்தரம் டிக்கிமேல் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "அண்ணி, இழை வழுக்கல. கரண்ட்டுதான் வழுக்கி வுழுந்துடுச்சி. செம்புமேல சாம்பல அப்பினா எப்பிடி எரியும்?"

படியில் நின்ற கைலாசம் துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரட்டைய எடுத்தாந்தது யாரு?" என்றாள் நீலாம்பாள்.

"நான்தான் எடுத்தாந்தேன். தொட்டது யாரு? நானா உன் கையப் புடிச்சி உள்ள வுட்டேன்?"

"கை பழக்கம்க்கா. நீ சிரட்டைய வெச்சா என் கை தானா போவுது."

அதைக் கேட்டதும் தையல்நாயகி எழுந்தாள். சிரட்டையை எடுத்துக்கொண்டு போய் மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

எல்லா ஒட்டையும் பிரித்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, வெறும் விரலால் மறுபடி முறுக்கினார்கள். மேலே கருப்பு டேப்பு சுற்றினார்கள். மஞ்சளும் சிவப்பும் தையல்நாயகி, கருப்பு நீலாம்பாள்தான். கலியாணசுந்தரம் விளக்கைப் போட்டான். டிரெய்லரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிரேக்கை மிதித்தான், இரண்டிலும் வெளிச்சம் பளிச்சென்று கூடியது. எதிர்வீட்டு வாசலில் நின்றவர்கள்கூட "அப்பாடா" என்றார்கள்.

"லைட்ட அணைச்சி வைக்கிறேன், பேட்டரி போயிடும்," என்றான். அண்ணனும் தம்பியும் வண்டிக்கு உடைக்கத் தேங்காய் எடுத்துக்கொண்டு தெருமுனைப் பிள்ளையாரிடம் போனார்கள். நீலாம்பாள் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட உள்ளே போனாள். தையல்நாயகி தனியாக நின்றாள்.

அந்தத் தெருவில் அப்போது மாலை வேளைக்கு ஒரு சத்தம் உண்டு. வீட்டுக்கு வீடு தறி ஓய்கிற சத்தம். ஒரு வீட்டில் நிற்கும், அடுத்த வீட்டில் இன்னும் நாலு தட்டு கேட்கும், பிறகு அதுவும் நிற்கும். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தையல்நாயகியும் நீலாம்பாளும் பாவு முன்னால் உட்காருவார்கள். கரண்ட்டு போனால் அரிக்கேன் விளக்கு வரும். ஏகாம்பரநாதர் கோவில் பங்குனித் திருவிழா வந்தால், யார் எந்தப் புடவை கட்டினாள் என்பதிலேயே அரைப் பாவு ஓடிவிடும்.

"அந்தக் கோடி வூட்டு மங்கையர்க்கரசி கட்டியிருந்தாளே, அது அரக்கா, மெரூனா?"

"அரக்கு."

"உன் கண்ணுல தீய வெக்க. மெரூன்."

"இழை விடுபட்டுச்சி பாரு, மெரூன் பாத்துக்கினு."

"விடுபட்டது உன் பக்கம்."

நீலாம்பாள் புதுப்பெண்ணாக வந்த முதல் பாவிலேயே இப்படித்தான். வந்த பெண் பயந்து அழும் என்று தையல்நாயகி நினைத்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து, "யக்கா, உன் முறுக்கு எல்லாம் எதிர்ப்பக்கமா திரும்புது, நீ இன்னா பீச்சாங்கையா?" என்று கேட்டது. பிறந்த வீட்டில்கூட யாரும் தையல்நாயகியை அப்படி உற்றுப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது தையல்நாயகி அந்தப் பெண்ணுக்கு அப்பளம் ஒன்று அதிகம் போட்டாள். போட்டுவிட்டு, "வாய அடைக்கத்தான்," என்றாள்.

இப்போது டிரெய்லரைப் பார்த்தாள். மேலே சுற்றி வைத்திருக்கும் பாவு. வாலாஜாபாத்தில் அதை நீலாம்பாள் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் தனியாகவே புணைப்பாள். இங்கே இவளும் அப்படித்தான். நடுவில் வந்து சேர எதிர்ப்பக்கத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை.

தையல்நாயகி குந்தினாள். இடது கை கருப்பு ஒயருக்குப் போனது. டேப்பைப் பிரித்தாள். முறுக்கை அவிழ்த்தாள். இரண்டு முனைகளையும் ஒன்றையொன்று தொடாதபடி விலக்கினாள். டேப்பை மறுபடி சுற்றி, விரலால் நீவிவிட்டாள். கை தானாகச் செய்தது என்று அப்புறம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது.

தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். தெரு இருட்டத் தொடங்கியிருந்தது. கலியாணசுந்தரம் விளக்கைப் போட்டான்.

"எரியுதா?"

கைலாசம் குனிந்து பார்த்தார்.

"அண்ணி, எரியுதா?"

"இல்லப்பா."

காரின் விளக்குகள் எரிந்தன. டிரெய்லரில் ஒன்றுமில்லை. அவன் பல்பைக் கழற்றி ஊதினான், மாட்டினான். ஃபியூஸைப் பார்த்தான். டயரை உதைத்தான். "இப்பத்தான எரிஞ்சிது? நீங்கெல்லாம் பாத்தீங்கதான?"

"பாத்தோம்," என்றார் கைலாசம். வானத்தைப் பார்த்தார். "சரி. விடு. ஆண்டவனுக்கு இஷ்டம் இல்ல போல. சாமான எறக்கு. ஆடி கழியட்டும்."

"அண்ணா, அந்த வூடு போயிடும்."

"போனா வேற வூடு. உசுரு போனா வேற கெடைக்குமா?"

"அதான் நல்லது," என்றாள் தையல்நாயகி. "நான் போயி ஒலைல இன்னும் ரெண்டு புடி அரிசி போடறேன்." சொல்லி முடித்த பிறகுதான், கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது.

நீலாம்பாள் பாய்வாள் என்று எதிர்பார்த்தாள். நீ போட்ட மஞ்சள்தான் போச்சி, நீ போட்ட சிவப்புதான் போச்சி என்று கத்துவாள். தானும் திருப்பிக் கத்தலாம். கத்திக் கத்தியே சோறு வடித்துவிடலாம். ஆனால் நீலாம்பாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். புது வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகத் தனியாக எடுத்து வைத்திருந்த கத்திரிப்பூ நிறப் புடவை. அதன் முந்தானையை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். தையல்நாயகிக்கு அது தாங்கவில்லை.

"இன்னாடி, வாயில கொழுக்கட்டையா? பேசேன்."

"இன்னா பேசறது?" என்றாள் நீலாம்பாள். "வாரா வாரம் ஞாயித்துக்கெழம வருவாரு. வரட்டும்."

அவள் எழுந்தாள். காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் போய்க் குந்தினாள். பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவள் கண்ணால் தேட மாட்டாள். அவள் விரல்கள் மஞ்சள்மேல் போயின, ஒவ்வொரு ஒட்டாகத் தடவிக்கொண்டு. பிறகு சிவப்பு. பிறகு கருப்பு. கருப்பில் ஓரிடத்தில் விரல் நின்றது.

டேப்பு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

நீலாம்பாள் தலையைத் திருப்பவில்லை. அந்த இடத்தை விரலால் இன்னொரு தடவை தடவினாள். பிறகுதான் நிமிர்ந்து தையல்நாயகியைப் பார்த்தாள். தையல்நாயகி பார்வையை எடுக்கவில்லை. சொல்லட்டும் என்று நின்றாள். புருஷன் முன்னால், கொழுந்தன் முன்னால், எதிர்வீட்டார் முன்னால் சொல்லட்டும். மாடத்தில் எடுத்து வைத்துக் காட்டுகிறவள்தானே.

"இங்கதாங்க," என்றாள் நீலாம்பாள் தன் புருஷனிடம். "என் புணைப்புதான். அவுந்துக்கிச்சி. அக்கா அப்பவே சொல்லிச்சி, நான்தான் கேக்கல."

இத்தனை வருஷத்தில், இத்தனை பாவில், தன் பக்கத்து இழை என்று நீலாம்பாள் ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை.

அவளே டேப்பைப் பிரித்தாள். அவளே முறுக்கினாள், இழுத்துப் பார்த்தாள், தன் பக்கமாகச் சுற்றினாள். கலியாணசுந்தரம் ஓடிப்போய் விளக்கைப் போட்டான். இரண்டு சிவப்பும் எரிந்தன.

"ஏறுங்க ஏறுங்க," என்றார் கைலாசம். திருநீறு எடுத்துத் தம்பி நெற்றியில் வைத்தார். நீலாம்பாள் அவர் காலில் விழுந்தாள். தையல்நாயகி காலிலும் விழுந்தாள். தையல்நாயகி அவள் தலையில் கை வைத்தாள். "ஊறுகா ஜாடிய நிமித்தி வெய்யி," என்றாள்.

வண்டி மெதுவாக நகர்ந்தது. டிரெய்லர் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுப் பின்னால் போனது. தெரு முழுக்க வாசலில் நின்றது. தையல்நாயகி நின்ற இடத்தில் நிற்கவில்லை. விளக்குகளுக்குப் பின்னாலேயே நடந்தாள், ஏதோ தானும் அதில் கட்டி இழுத்துப் போகப்படுகிறவள் போல. யாராவது கேட்டால், லைட்டு எரியுதான்னு பாத்துக்கினு வரேன் என்று சொல்லலாம்.

தெருமுனையில் ஆடுகள் குறுக்கே வந்தன. இரண்டு சிவப்பிலும் வெளிச்சம் பளிச்சென்று கூடியது. வண்டி நின்றது. கலியாணசுந்தரம் இறங்கி, முன்னால் போய் ஆடுகளை விரட்டினான். தையல்நாயகி ஜன்னல் பக்கம் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. லைட்டு நல்லா எரியுது."

"ம்."

"போய்ச் சேந்ததும் பஸ்ஸுல வர ஆளுகிட்ட சொல்லி அனுப்பு."

"ம்."

"புதுப் பாவு புணைக்கிறதுக்கு சாம்பல் சலிச்சிக்க. வேப்பங்கட்டை சாம்பல் வாணாம், நரநரன்னு இருக்கும்."

"தெரியும்க்கா."

"தெரியும் தெரியும். உனக்குத் தெரியாததுதான் இன்னா."

ஆடுகள் போய்விட்டன. கலியாணசுந்தரம் வந்து கதவைச் சாத்தினான். என்ஜின் உறுமியது. நீலாம்பாள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தையல்நாயகியின் இடது கையைப் பிடித்தாள். விரல்களில் டேப்பின் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். புருஷனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஒயர அவுக்கத் தெரிஞ்ச கைக்காரி, 'போவாதடி நீலா'ன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"